கொழும்பிலிருந்து குடும்பிமலைக்கு விமானத்தில் 15 நிமிடமா?

கேட்டவர் ரொறன்ரோவிலிருந்து, மட்டக்களப்பு மாவட்டத்தில் அம்மாவின் ஊரான குடும்பிமலை பார்க்க மார்கழி விடுமுறைக்கு வருகிறாராம். ஏதோ ஒரு தளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்ட, 190 கிலோமீற்றர், விமானத்தில் 15 நிமிடம் என்று காட்டியிருக்கிறது.

தூரம் ஏறக்குறையச் சரி, நூல் பிடித்த மாதிரி நேராக அளந்தால். நேரம்தான் கூத்து. பெரிய ஜெற் விமானத்தின் வேகத்தால் தூரத்தைப் பிரித்து ஒரு விடை சொல்லிவிட்டது, அவ்வளவுதான். போய் இறங்க ஓடுபாதை வேண்டாமா? குடும்பிமலையில் இருப்பது காடு, வயல், மாட்டுப்பட்டி, 534 மீற்றர் உயரத்தில் குடுமி முடிந்த தலை மாதிரி ஒரு மலை.

கிட்டிய விமான நிலையம் மட்டக்களப்பில், வாவியோரம். 2018 இல்தான் மறுபடி பயணிகளுக்குத் திறந்தார்கள். கொழும்புப் பக்கமிருந்து வருவது செஸ்னா கரவான் என்ற ஒற்றை இயந்திர விமானம். மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் போகும். ஏறி இறங்குவதோடு ஒரு மணித்தியாலம் என்று வையுங்கள். கனடாப் பெட்டிகளை அதில் ஏற்றலாம் என்று கனவு காணவேண்டாம். பறக்கும் நாட்களையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. குடும்பிமலை மட்டக்களப்புக்கு வடமேற்கே. விமானம் உங்களை ஊருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கும். பிறகு வடக்கே 25 கிலோமீற்றர், பெருந்தெருவில் உள்ள கிரான் என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பிப் போகவேண்டும். பேசாமல் கொழும்பில் 48 ஆம் நம்பர் கல்முனை பஸ்ஸில் இரவு ஏறுங்கள். பொலன்னறுவை, ஓட்டமாவடி, வாழைச்சேனை தாண்டி விடியக்காலையில் கிரான் சந்தியிலேயே இறக்கிவிடுவான். ரயில் என்றால் மட்டக்களப்பு வரை போகாதீர்கள், வாழைச்சேனையில் இறங்குங்கள்.

உண்மையான பயணம் கிரானில்தான் தொடங்குகிறது. நான் அந்தப் பக்கம் இரண்டு வருசம் படிப்பித்தேன். கோடையில் மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்தபடி ஒரு மணித்தியாலத்தில் பள்ளிக்கூடம். மாரியில் முந்தனையாறு பெருகினால் குடும்பிமலைக்குப் போகும் புலிபாய்ந்தகல் வீதியே தண்ணிக்குள். ஒரு தை மாதம், பொங்கலுக்கு முந்தின கிழமை, ஏழு மணிக்கே புலிபாய்ந்தகல்லில் போய் நின்றேன். தண்ணியைக் கடக்க உழவு மெஷின் பெட்டியில் பத்துப் பேர், என்னுடைய மோட்டார் சைக்கிள், பால் கான், கூண்டில் நாலு கோழி. நடுவழியில் பெட்டி ஒரு பக்கம் சாய, பால்காரர் என்னைப் பிடிக்கவில்லை, கானைத்தான் பிடித்தார். அடுத்த நாள் அதுவும் ஓடவில்லை. தோணிக்காரர் தண்ணிக்குள் தடியை ஊன்றிப் பார்த்துவிட்டு, "இப்ப ஏலா சேர், மறுகா வாங்க" என்றார். அந்த 'மறுகா', அதாவது 'பிறகு', மூன்று நாள் நீண்டது. பள்ளிக்கூட வரவுப் புத்தகத்தில் மூன்று நாளும் சிவப்புக் கோடு.

ஆகவே உங்கள் கணக்கு: கொழும்பிலிருந்து கிரானுக்கு ஏழெட்டு மணித்தியாலம். அங்கிருந்து குடும்பிமலைக்கு ஆற்றைப் பொறுத்து ஒரு மணித்தியாலமோ, மூன்று நாளோ. நீங்கள் வரப்போவது அடைமழைக் காலம். பஸ் ஏறமுன் கிரானில் ஆரையாவது பிடித்து, புலிபாய்ந்தகல்லில் தண்ணி முழங்காலா இடுப்பா என்று கேளுங்கள். இடுப்பு என்றால் வாழைச்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.