ட்ராவுன் லின்ஸ் கிடையாது தம்பி

ஆஸ்திரியால லின்ஸ் நகரத்துல வேலை கிடைச்சிருக்கு, பக்கத்து ஊர் ட்ராவுன்ல வாடகை கம்மியா இருக்கு அங்க வீடு எடுக்கலாமா, குளிர் எப்படி, நம்ம ஊர் மளிகை கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. குளிர் பழகிடும், மளிகைக்குக் கடை இருக்கு, அத விடுங்க. ட்ராவுன் தாராளமா எடுக்கலாம், 4-ம் நம்பர் ட்ராம் அங்க வரைக்கும் ஓடுது. ஆனா அது லின்ஸ் கிடையாது. லின்ஸ் தனி, அதுக்கு மாகிஸ்ட்ராட்னு நகர நிர்வாக ஆபீஸ். சுத்தி இருக்கற ட்ராவுன், லியோண்டிங், பாஷிங், அன்ஸ்ஃபெல்டன், என்ஸ்னு 22 கெமைண்டே, அதாவது உள்ளாட்சி, சேந்ததுதான் லின்ஸ்-லாண்ட் மாவட்டம், அதுக்கு பே-ஹான்னு வேற மாவட்ட ஆபீஸ். வெளிநாட்டுக்காரங்க இங்க தங்கி வேலை பாக்கறதுக்கான ரெட்-ஒயிட்-ரெட் கார்டெல்லாம் அங்கதான். கூத்து என்னன்னா அந்த பே-ஹா இருக்கறதே லின்ஸுக்குள்ள!

வியன்னால இருக்கற நம்ம ஆளுங்க கிட்ட மட்டும் இதக் கேக்காதீங்க. அவங்களுக்கு பெட்ஸிர்க்னா, அதாவது மாவட்டம்னா, 1-லருந்து 23 வரைக்கும் நம்பர் போட்ட ஏரியா, அதத் தாண்டி ஆஸ்திரியாவே இல்லன்னு நெனப்பு. அப்படி ஒருத்தர் பேச்சக் கேட்டுதான் நான் லியோண்டிங்ல குடியிருந்துக்கிட்டு லின்ஸ் மாகிஸ்ட்ராட்ல டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் உக்காந்தேன். என் முறை வந்தப்போ கவுண்டர்ல இருந்த அம்மா மெல்டெட்ஸெட்டல, அதாவது வீட்டு விலாசம் பதிஞ்ச சீட்ட, வாங்கிப் பாத்துட்டு 4060-ங்கற பின்கோடு மேல பென்சில வெச்சு ஒரு தட்டு தட்டுனாங்க, அவ்வளவுதான், அரை நாள் லீவு போச்சு.

அந்த மெல்டெட்ஸெட்டல் இன்னொரு தலைவலி. குடி போன 3 நாளுக்குள்ள உங்க கெமைண்டே ஆபீஸ்ல பதியணும், ஓனர் கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டாங்க. சாவி வாங்கறப்பவே கையெழுத்தையும் வாங்கிடுங்க. பேரு பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே எழுதுங்க, இனிஷியல முன்னாடி பின்னாடி மாத்துனீங்கன்னா ஆயுசுக்கும் உங்கப்பா பேர சொல்லித்தான் கூப்பிடுவாங்க, என்ன இன்னும் அப்படித்தான். நம்ம ஊர் லைசென்ஸ் 6 மாசம்தான் செல்லும், அதுக்குள்ள மாத்திடுங்க, திரும்ப ஓட்டிக் காட்டணும். 'பத்து வருசமா ஓட்டறேன்'னு வீம்பு பண்ணுன நம்ம இன்ஜினியர் பசங்க நெறைய பேரு இப்ப பஸ்லதான் வர்றாங்க.

நான் இப்ப பரவால்ல, ஏ-எஸ்-இசட் குப்பை சென்டர்ல எந்த பிளாஸ்டிக் எந்தப் பெட்டிக்குன்னு பக்கத்து வீட்டு ஆஸ்திரியாக்காரருக்கே சொல்லித் தர்றேன். ஆனா வந்த வாரம் சாவியக் குடுத்துட்டு ஓனர் பனிச்சறுக்குக்கு திரோல் போயிட்டாரு, கையெழுத்துக்கு ஆளில்லாம நான் தூங்கல. அஞ்சாம் நாள் வந்தவரு கையெழுத்தப் போட்டுட்டு, மூஞ்சியப் பாத்துட்டு உள்ள கூப்பிட்டு கெர்ம்க்னோடல் குடுத்தாரு. நம்ம கொழுக்கட்டைய மூணு மடங்கு பெருசாக்குன மாதிரி, உள்ள பிளம்ஸ் ஜாம், மேல கசகசா. கசகசாவ இனிப்புல போடுவாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும், எங்க வீட்ல அது குருமாவுக்கு மட்டுந்தான்.