ஒரு புரதம் போதாதா?

கேள்வி: பற்றீரியாவில் லக்டோஸை (பாலிலுள்ள சர்க்கரையை) உடைக்க உதவும் மரபணுக்களை அடக்குகிற புரதம் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது என்று படித்தோம். ஏன் நான்கு, ஒன்று போதாதா?
– உயர்தர மாணவன், கிளிநொச்சி

பதில்: நல்ல கேள்வி தம்பி, புத்தகங்கள் அவசரமாகக் கடந்துபோகிற இடம் இது. பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜாக்கோப், மோனோ இருவரும் 1961இல் இந்த அடக்கியைப் பற்றி எழுதியபோது அதன் உருவம் யாருக்கும் தெரியாது, 1996இல்தான் படிகத்தில் முழுதாகப் பார்த்தார்கள். நான்கு சங்கிலிகளின் வால்களும் ஒரே கட்டாகப் பின்னியிருக்க, தலைகள் இரண்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு சோடி டி.என்.ஏ.யில் முதன்மை இடத்தைப் பிடிக்க, மற்றச் சோடி தள்ளியிருக்கிற இரண்டு துணை இடங்களில் ஒன்றைப் பிடிக்கும், அப்போது இடையிலுள்ள டி.என்.ஏ. வளையமாக வளைந்துவிடும். அந்தத் துணை இடங்கள் இரண்டையும் அழித்துப் பார்த்தபோது அடக்கும் வலு 50 மடங்குக்கு மேல் குறைந்தது, முதன்மை இடம் அப்படியே இருந்தும்!

சரி, பூட்டு எப்படித் திறக்கும்? லக்டோஸிலிருந்து வருகிற அல்லோலக்டோஸ் போய் ஒட்டுவது தலையில் இல்லை, புரதத்தின் நடு உடலில். அங்கே ஏற்படுகிற சிறு அசைவிலேயே தலைகளின் பிடி தளர்ந்து, படியெடுத்தல் (மரபணுவை ஆர்.என்.ஏ.யாக நகலெடுப்பது) தொடங்கும். கொப்பியில் டி.என்.ஏ.யை நேர்கோடாகக் கீறாமல் ஒருக்கா வளைத்துக் கீறிப் பார்.