ரிப்போர்ட் நார்மல், வீடு?

கேள்வி: கோவையில் இருக்கிறேன், வயது 44. இரண்டு வருடமாக தினமும் காலை 5 மணிக்கு ரேஸ்கோர்ஸில் 10,000 அடி நடக்கிறேன். சர்க்கரையை விட்டாச்சு, அரிசிக்குப் பதில் சிறுதானியம். மாலை 6.30க்கே சாப்பிட்டு 9 மணிக்குப் படுத்துவிடுவேன். மனைவியும் பையனும் வர எட்டரை ஆகும், அம்மா நடுவில் தனியாகச் சாப்பிட்டுக்கொள்வார். எடை 11 கிலோ குறைந்தது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனாலும் சந்தோஷமே இல்லை. இன்னும் என்ன பழக்கம் சேர்க்கலாம்?

பதில்: சேர்க்க ஒன்றும் இல்லை தம்பி. 'அம்மா தனியாகச் சாப்பிட்டுக்கொள்வார்' என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதைச் சொல்லுங்கள்.

நாலு பேர் இருக்கிற வீட்டில் மூன்று பந்தி! 6.30க்கு உங்களுக்கு வரகு சாதத்தைத் தட்டில் போடுவது யார்? மனைவி வேலையில் இருக்கிறார், அப்போ அம்மாதான். உங்களுக்குப் பரிமாறி, தட்டைக் கழுவி, அப்புறம் டிவி முன்னால் உட்கார்ந்து, மதியக் குழம்பைத் தொட்டுக்கொண்டு ரெண்டு தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொள்கிறார், அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே கையில் கட்டிய வாட்ச்சில் அடி எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பையன் முகத்தைப் பார்ப்பது எப்போது? அவன் வந்த அரை மணியில் நீங்கள் படுத்தாச்சு.

நடையும் தூக்கமும் மனசுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றது. ஆனால் அந்த 10,000 ஒன்றும் வேதவாக்கு இல்லை, 1965ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க ஒரு கம்பெனி பிடித்த எண் அது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதைத் தாராளமாகவே தாண்டிவிட்டீர்கள். ரிப்போர்ட்டை அவ்வளவு நம்புகிறவர் இதையும் கேளுங்கள்: ஹார்வர்டில் 1938ல் தொடங்கி இன்னும் நடக்கிற ஆய்வில், 80 வயதில் யார் நன்றாக இருப்பார்கள் என்பதை 50 வயதின் கொலஸ்ட்ரால் அளவைவிட, உறவுகளில் அவர்களுக்கு இருந்த நிறைவுதான் சரியாகக் காட்டியது. உங்களுக்கு 50 வர இன்னும் ஆறு வருடம்தான்.

பெற்றவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு பிள்ளையின் கடமை முடியாது, பக்கத்தில் உட்கார வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. படுக்கையைப் பத்தரைக்குத் தள்ளுங்கள், நடையை ஆறரைக்கு. ரேஸ்கோர்ஸ் எங்கேயும் ஓடிப்போகாது. ராத்திரி வயிறு ஏற்காது என்றால் ஒரு டம்ளர் மோரோடு உட்காருங்கள், போதும்.

நாளைக்கு எட்டரைக்கு நாலு தட்டையும் நீங்களே எடுத்து வையுங்கள். "எனக்குப் பசியில்லப்பா, நீங்க சாப்பிடுங்க" என்பார் அம்மா. நம்பாதீர்கள்.