பழைய ஜூம் லென்ஸ்: வெளிறலும் நழுவும் குவியமும்

நண்பருக்கு வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் காலை நடையின்போது உங்கள் பழைய நிக்கான் 80-200 எஃப் 4.5 லென்ஸில் எடுத்த படங்கள் வெளிறியிருப்பதாகவும், 200 மி.மீ. ஜூமில் கூர்மையாக இருந்த நாரை 80-க்கு வந்ததும் மங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை வெவ்வேறு கோளாறுகள்.

கூர்மை நழுவுவதற்கு லென்ஸைவிட, அதை உங்கள் கேமராவோடு இணைக்கும் வளையமான அடாப்டரையே சந்தேகிப்பேன். ஒருமுறை குவித்துவிட்டால் ஜூமை எப்படி இழுத்தாலும் குவியம் மாறாதபடி அமைக்கப்பட்ட லென்ஸ் இது. ஆனால் அதற்கு நிக்கான் மவுண்டுக்கும் (லென்ஸ் பொருந்தும் வாய்க்கும்) சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. இருந்தாக வேண்டும், உங்கள் சோனி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் இருப்பதோ 18 மி.மீ. மட்டுமே என்பதால், மீதி 28.5 மி.மீ. அடாப்டரின் பொறுப்பாகிறது. மலிவான அடாப்டர்கள் பல சற்றுக் குட்டையாகவே வருகின்றன. 200-இல் தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தைக் குவித்துப் பாருங்கள். லென்ஸின் குவிய வளையம் முடிவிலிக் குறியைத் (∞) தொடுவதற்கு முன்பே கூர்மை வந்துவிட்டால் குறை அடாப்டரில்தான். என்னுடையதும் அப்படித்தான், மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யப் பொறுமையில்லாமல், ஒவ்வொரு முறையும் ஜூமை மாற்றியபின் மீண்டும் குவித்துக்கொள்கிறேன்.

வெளிறலுக்கு வருவோம். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துவந்த லென்ஸ், நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் வியர்த்துவிடும். மூடிய பையோடு அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பிறகும் வெளிறினால், அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுவதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. மற்ற லென்ஸ்களோடு வைக்காதீர்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால், லென்ஸின் முன் ஹூட் (பக்கவாட்டு ஒளியை மறைக்கும் குழல்) மாட்டிக்கொண்டு சூரியனை முதுகுப் பக்கம் வைத்து எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.