கடல்நீர் டேங்க்: பிஎச், ஆல்கலினிட்டி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிறது). ஆல்க் (ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்குற சக்தி) 8.5 டிகேஎச் (அதை அளக்கிற அலகு). ஆனா காலையில பிஎச் 7.75. பஃபர் (ஆல்க், பிஎச் ஏத்துற பொடி) போட்டா 8.1க்கு ஏறும், மறுநாள் பழைய கதைதான்.

பதில்: பஃபரை நிறுத்துங்க தம்பி. ஆல்க் சரியா இருக்கு, கோளாறு ரூம் காத்துல. ஏசிக்காக எல்லாம் சாத்தியிருந்தா, நாம விடுற மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு தண்ணியில கரைஞ்சு பிஎச்சை இழுக்கும். ஒரு டம்ளர் டேங்க் தண்ணியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஏர் பம்ப் வச்சு ஒரு மணி நேரம் குமிழி விட்டு அளங்க. இன்னொரு டம்ளருக்கு அதையே ரூமுக்குள்ள செய்யுங்க. மாடியில மட்டும் பிஎச் ஏறினா ஸ்கிம்மர் (நுரையால அழுக்கைப் பிரிக்கிற கருவி) உறிஞ்சுற காத்துக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிடுங்க. ரூம்லயே ஏறினா டேங்க்ல மேல்மட்ட அலை போதலை. பஃபரையே நம்பினா ஆல்க் 12 தாண்டும், பவளத்தோட நுனி வெந்துபோகும்.

இன்னொண்ணு: விடியறதுக்கு முன்னாடி பிஎச் கீழேதான் இருக்கும், தினமும் ஒரே நேரத்துல அளக்கணும்.

கேள்வி: ஆல்க் 6.5. எட்டுக்கு ஏத்த ஆப்ப சோடா போதுமா? 150 லிட்டர் டேங்க்.

பதில்: போதும். 100 லிட்டர்ல 1 டிகேஎச் ஏத்த 3 கிராம். பாறை, மணல் போக உங்க தண்ணி 125 லிட்டர்னு வச்சா, 1.5 டிகேஎச்சுக்கு ஐந்தரை கிராம் சொச்சம். ஒரே நாள்ல கொட்டாதீங்க, ரெண்டு நாளா பிரிங்க. ஆர்ஓ தண்ணியில கரைச்சு பம்ப் வேகமா அடிக்கிற இடத்துல ஊத்துங்க. போட்டதும் பிஎச் லேசா இறங்கும், பயம் வேண்டாம். இறங்கக் கூடாதுன்னா சோடாவை ஓவன்ல 150 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சு எடுங்க, கார்பனேட்டா மாறிடும். அப்போ 3 கிராமுக்குப் பதிலா 1.9 கிராம். பேக்கிங் பவுடர் வேற சரக்கு, தொடவே தொடாதீங்க.

கேள்வி: சார், ஆல்க், கால்சியம் ரெண்டும் ஊத்துறேன், ஏறவே மாட்டேங்குது. ஹீட்டர் மேல வெள்ளையா படியுது.

பதில்: நீங்க ஊத்துறதுதான் அங்க கல்லா உட்காருது. மெக்னீசியம் அளந்தீங்களா? 1250 முதல் 1350 பிபிஎம் வேணும். அது குறைஞ்சா கால்சியம் கார்பனேட் கல்லா படியறதைத் தடுக்க ஆளில்லை. முதல்ல மெக்னீசியத்தை ஏத்துங்க. ரெண்டு கரைசலையும் ஒரே இடத்துல, அடுத்தடுத்து ஊத்துறதையும் விடுங்க. ஹீட்டரைக் கழட்டி வினிகர்ல ஊறப்போட்டா படிவு போயிடும்.

கேள்வி: வெத்தல சுண்ணாம்பு கரைச்சு விடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம், அதுல என்னென்ன கலந்திருக்கும்னு தெரியாது. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி, ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணிக்கு 2 கிராம் போட்டுக் குலுக்கித் தெளிய விடுங்க. தெளிவை மட்டும் ராத்திரியில சொட்டுச் சொட்டா, ஆவியாகுற தண்ணி அளவுக்கு மேல போகாம விடணும். பிஎச் 12க்கு மேல உள்ள கரைசல். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம தொடாதீங்க.

கேள்வி: மீன் மட்டும்தான் சார், பவளம் இல்லை.

பதில்: ஆல்க் 7க்குக் கீழ போகாம வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்துங்க, போதும்.