ஏ/எல் பெயரும் 08-ஆம் மாதமும்: ஷெல் ஸ்கிரிப்ட் கேள்வி பதில்

பட்டர்வொர்த் வாசகி: அண்ணா, கோயில் உறுப்பினர் பட்டியலில் பெயர்களை ‘செட்’ (sed) கட்டளையால் திருத்துகிறேன். ‘ஏ/எல்’ (a/l, மலாயில் ‘இன்னாரின் மகன்’) வரும் பெயர்களில் மட்டும் பிழை வருகிறது.

பதில்: பெயரில் உள்ள சாய்கோட்டை, கட்டளையின் பிரிப்பான் என்று செட் நினைத்துவிடுகிறது, தங்கச்சி. சாய்கோடுதான் பிரிப்பான் என்று கட்டாயம் இல்லை. ‘எஸ்’ எழுத்துக்கு அடுத்து எந்தக் குறியைப் போடுகிறீர்களோ அதுவே பிரிப்பான். # போட்டு, மூன்று இடத்திலும் அதையே வையுங்கள். ஏ/எல், ஏ/பி (‘இன்னாரின் மகள்’) எதுவும் இடிக்காது.

செந்தூல் வாசகர்: ஐ.சி. (மலேசிய அடையாள அட்டை) எண்ணிலிருந்து பிறந்த மாதத்தை எடுத்து 1 கூட்டுகிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்தவர்களுக்கு மட்டும் பேஷ் (bash, கட்டளைகளை இயக்கும் ஷெல்) பிழை காட்டுகிறது, ஐயா.

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஐ.சி.யின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆகஸ்ட் என்றால் மாதம் 08. கணக்குப் போடும்போது 0-வில் தொடங்கும் எண்ணை பேஷ் ஆக்டலாக (எட்டடிமான எண்ணாக) படிக்கும். ஆக்டலில் 8, 9 என்ற இலக்கமே கிடையாது. 07 வரை ஆக்டலிலும் அதே மதிப்புதான். 10-லிருந்து முன்னால் 0 இல்லை. அதனால் நடுவில் இரண்டு மாதம் மட்டும் மாட்டுகிறது. எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும். முழு ஐ.சி.யை மட்டும் எண்ணாக மாற்றவே வேண்டாம், எழுத்தாகவே இருக்கட்டும். 2000-இல் பிறந்தவரின் ஐ.சி. 00 என்றுதானே தொடங்குகிறது!

ஜார்ஜ்டவுன் வாசகர்: ‘கட்’ (cut) கட்டளையில் இடைவெளியை வைத்துப் பிரித்தால் பத்திகள் (நெடுவரிசைகள்) இடம் மாறுகின்றன.

பதில்: கட் ஒவ்வோர் இடைவெளியையும் தனியாக எண்ணும். ‘ஆக்’ (awk) கட்டளை தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஆக்கே போதும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: முகவரிக்குள்ளேயே கமா இருக்கிறது, அண்ணா. சிஎஸ்வி (CSV, கமாவால் பிரித்த) கோப்பை எப்படிப் பிரிப்பது?

பதில்: இதில் நானே அடிபட்டிருக்கிறேன். திருவிழா அழைப்பிதழ்களுக்குக் கமாவை வைத்துப் பிரித்தேன். அஞ்சல் குறியீட்டுப் பத்தியில் முகவரியின் ‘தாமான்’ (குடியிருப்பு) வந்து நின்றது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவை விட்டுவிட வேண்டும் என்று ‘கட்’டுக்கும் தெரியாது, வரி வரியாகப் படிக்கும் ஷெல்லின் ‘ரீட்’டுக்கும் (read) தெரியாது. லிப்ரெஆபீஸ் கால்க்கில் திறந்து, டேப்பைப் பிரிப்பானாக வைத்துச் சேமியுங்கள். அப்புறம் அதை ரீட்டால் படிக்காதீர்கள். அடுத்தடுத்த டேப்களை ரீட் ஒன்றாகச் சேர்த்துவிடும். போன் எண் இல்லாதவரின் வரியில் எல்லாம் ஒரு பத்தி நகர்ந்துவிடும். ஆக்கில் டேப்பைப் பிரிப்பானாகக் கொடுத்தால் காலிப் பத்தி காலியாகவே நிற்கும். கோப்பு வாரம் ஒருமுறை வருகிறது என்றால், பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலுக்கு மாறிவிடுங்கள்.