குழந்தைக்குக் காய்ச்சல்: பாராசிட்டமாலா, ஐபுபுரூஃபெனா?

கேள்வி: என் மகளுக்கு 2 வயது, எடை 11 கிலோ. நேற்றிலிருந்து 102 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் இறங்குகிறது, நான்கைந்து மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடுகிறது. ஐபுபுரூஃபென்தான் நன்றாகக் கேட்கும் என்கிறார் தோழி. மாற்றலாமா? இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாமா?

பதில்: மறுபடி ஏறுகிறது என்பதற்காக மருந்து கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். எந்தக் காய்ச்சல் மருந்தும் நோயைக் குணப்படுத்தாது. சில மணி நேரம் சூட்டைத் தணித்து, குழந்தையைக் கொஞ்சம் சாப்பிட, தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

மருந்தை மாற்றுவதற்கு முன் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். பாராசிட்டமால் அளவை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு 165 மி.கி. சிக்கல் இங்கேதான். 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் இது ஏறக்குறைய 7 மில்லி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ளதென்றால் 3.3 மில்லிதான். ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.6 மில்லி. பழைய பாட்டில் தீர்ந்து புதிதாக வாங்கியது வேறு அடர்த்தியில் இருந்து, அதே 7 மில்லியை ஊற்றினால் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். சமையலறைக் கரண்டியும் வேண்டாம். அளவு போட்ட சிரிஞ்சில் எடுங்கள். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. சில சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல்.

தோழி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஐபுபுரூஃபென் 6 முதல் 8 மணி நேரம் தாக்குப்பிடிக்கும், வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கால் குழந்தை வறண்டிருந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். அம்மை போட்டிருந்தாலும் வேண்டாம். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது. அதனால்தான் நான் முதலில் பாராசிட்டமாலையே சொல்வேன்.

மாற்றி மாற்றிக் கொடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. சூடு சற்றுக் கூடுதலாக இறங்கலாம்தான். ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு, கடைசியாக எது கொடுத்தோம், யார் கொடுத்தோம் என்று தூக்கக் கலக்கத்தில் குழம்பும் வீடுகள்தான் அதிகம். மருத்துவர் சொல்லி, அப்படிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறியைக் கிளப்பக் கூடியது அது. அப்புறம், காய்ச்சல் மருந்து வலிப்பைத் தடுக்கும் என்று நம்பிக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு. தடுக்காது.

101 டிகிரியில் குழந்தை ஓடியாடி விளையாடினால் மருந்தே தேவையில்லை. சூடு இறங்கிய பின்னும் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, காய்ச்சல் 3 நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் போங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே, எதையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.